தாலேட்டும் ஆண் கருவும்: எந்த வாரம் முக்கியம்?

கேள்வி: பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கும் தாலேட், ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும் என்கிறார்கள். கர்ப்பத்தின் எந்தக் கட்டத்தில்? பிறந்த பிறகு எதை அளந்தால் தெரியும்?

பதில் 1: உறுப்பு முழுதாக உருவாகும் முன்பே காரியம் முடிந்துவிடுகிறது. மனிதரில் ஏறக்குறைய 8 முதல் 14 வாரம், எலியில் 15.5 முதல் 18.5ஆம் நாள். அந்த நாட்களில் தாய் எலிக்குக் உடல் எடையில் கிலோவுக்கு தினம் 500 மி.கி. டைபியூட்டைல் தாலேட் (தாலேட்டில் ஒரு வகை) கொடுத்தால், கருவின் விதையில் (விந்தகத்தில்) ஹார்மோன் சுரக்கும் லேடிக் செல்களில் டெஸ்டோஸ்டிரோனும் ஐ.என்.எஸ்.எல்.3 ஹார்மோனும் சரிகின்றன. முன்னது குறைந்தால் சிறுநீர்த் துளை குறியின் அடிப்பக்கம் திறக்கலாம். பின்னது குறைந்தால் விதை விதைப்பைக்குள் இறங்காமல் வயிற்றிலேயே தங்கலாம். (மனிதர் உடலில் சேரும் அளவு இதைவிட மிக மிகக் குறைவு. எலிக் கணக்கை அப்படியே நம் மேல் ஏற்றக் கூடாது.)

பதில் 2: அளப்பது ஆசனவாய் நடுவிலிருந்து விதைப்பையின் அடிவரை உள்ள தூரம். ஆணில் இது பெண்ணைப் போல் சுமார் இரு மடங்கு. அந்த வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் இந்தத் தூரம் குறுகும். குழந்தையை மல்லாத்தி, தொடைகளை மடக்கி விரித்து, காலிப்பரால் (இரு முனை அளவுகோல்) மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். தோலை இழுத்தால் எண் கூடிவிடும். பெரும்பாலான பிழை அங்கேதான். எடைக்கேற்பத் திருத்தாத எண்ணை ஒப்பிடவே வேண்டாம். ஆய்வுக் குழுக்களை ஒப்பிட உதவும் அளவு இது, ஒரு குழந்தைக்கு நோய் சொல்ல அல்ல.

பதில் 3: தாயின் சிறுநீரை ஒரே தடவை சோதித்து முடிவு கட்டுவதும் தப்பு. தாலேட்டின் சிதைபொருள்கள் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். பல நாள் மாதிரி தேவை. விதை இறங்கவில்லையென்றால் 6 மாதம் வரை பார்க்கலாம். அதற்குமேல் தானாக இறங்குவது அரிது. 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை முடிய வேண்டும்.