உள்ளாடை விளம்பரங்களில் இல்லாத உடம்புகள்: சில யாழ்ப்பாணப் பெண்களின் அனுபவங்கள்

நல்லூரில் வசிக்கும் ஆசிரியை

யாழ்ப்பாணத்தில் உள்ளாடை விளம்பரம் எங்களிடம் வந்து சேர்வது பெரும்பாலும் பெட்டியின் வழியாகத்தான். கஸ்தூரியார் வீதியிலோ நவீன சந்தையிலோ ஒரு கடைக்குள் நுழைந்து, அருகில் ஆண்கள் எவரும் இல்லையென்று பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சைஸைச் சொன்னால், விற்பனைப் பெண் நான்கைந்து மட்டைப் பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் அடுக்குவார். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் தோலும் ஒட்டிய வயிறும் கொண்ட ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். பெட்டியின் ஓரத்தில் 44 என்று அச்சிட்டிருக்கும். படத்திலுள்ளவளோ 32ஐத் தாண்டமாட்டாள். எல்லா அளவுக்கும் ஒரே படந்தான்.

என்னுடைய பெறாமகளுக்குக் கலியாண நாள் வைத்த பின்னர் அவளோடு கடைக்குப் போனேன். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வங்கியொன்றில் வேலை செய்கிற, எவருக்கும் முகம் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய பிள்ளை அவள். விரும்பிய நிறத்தைக் காட்டச் சொன்னபோது விற்பனைப் பெண், “இந்த மொடல் உங்களுக்கு வராது தங்கச்சி. பெரிய சைஸ் எண்டால் வெள்ளையும் கறுப்பும்தான் இருக்கு. கலியாணத்துக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே, கொஞ்சம் மெலிஞ்சிட்டு வந்தால் எல்லாம் வடிவாய் நிக்கும்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பெட்டிகளையே நாள் முழுவதும் கையாளுகிற ஒருவருக்கு, ஆடைதான் உடம்புக்கு ஏற்றபடி இருக்கவேண்டும் என்பது மறந்துபோய், உடம்பு ஆடைக்கு ஏற்றபடி மாறவேண்டும் என்பதே இயல்பாகிவிடுகிறது. அன்றிலிருந்து பிள்ளை இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார்கூட அவளுடைய உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் நான் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அதன்பின்னர் அளவெடுக்கும் முறையைத் தேடிப் படித்தேன். மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி நாடாவை இறுக்கிப் பிடித்தால் வருவது பட்டியின் அளவு. மார்பின் நிறைந்த பகுதியைச் சுற்றி எடுப்பது மற்ற அளவு. இரண்டுக்கும் இடையே ஓர் அங்குல வித்தியாசமென்றால் ஏ கப் (கப் என்பது மார்பை ஏந்தும் பகுதி), இரண்டென்றால் பி, மூன்றென்றால் சி, நான்கென்றால் டி. எனக்குக் கீழே 36, மேலே 40. ஆகவே என்னுடைய அளவு 36டி. கடைகளில் எனக்கு எப்போதும் தரப்பட்டது 40பி. கப்பின் கொள்ளளவைப் பார்த்தால் 36டி, 38சி, 40பி மூன்றும் ஒன்றுதான் என்றாலும், 40பியின் பட்டி என் விலாவுக்கு நான்கு அங்குலம் தளர்ந்தது. தளர்ந்த பட்டி முதுகில் மேலே ஏறும். பாரம் முழுவதையும் தோள்நாடா சுமக்கும். தோளில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைப் பார்த்து, “உடம்பு வைச்சிட்டுது, அதுதான்” என்று என் அம்மா முதல் சக ஆசிரியைகள் வரை எல்லோரும் சொன்னார்கள். நான் ஏறி இறங்கிய கடைகளில் சிறிய பட்டியும் பெரிய கப்பும் சேர்ந்த பிரா கிடைக்கவில்லை. பெட்டியிலுள்ளவளைப் போல இல்லாத ஒருத்தி வந்தால், அவள் சுற்றிவர எல்லாப் பக்கமும் பெரியவள் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

சாவகச்சேரி, முன்னாள் ஆடைத் தொழிற்சாலை ஊழியர்

ஆசிரியை எழுதிய 40பி விடயத்துக்குத் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து நான் சிலவற்றைச் சேர்க்கலாம். திருமணத்துக்கு முன்னர் கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் வேலை செய்தேன். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் ஆடைகளில் பெண்களின் உள்ளாடைக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பளபளப்பான விளம்பரங்களோடு விற்கப்படும் பிராக்களில் எங்கள் வன்னிப் பிள்ளைகள் தைத்தவையும் இருக்கின்றன.

புதிய மொடல் ஒன்று வந்தால் முதலில் ஒரே அளவில், பெரும்பாலும் 34பியில், மாதிரி தைத்துச் சரிபார்ப்பார்கள். பிறகு அந்த வடிவத்தைக் கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகளுக்கு வெட்டுவார்கள். ஆனால் பெரிய கப்புக்கு அதே வடிவத்தை அப்படியே பெருப்பித்தால் அது நிற்காது. கப்பை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி மூட்டவேண்டும். பக்கத் துணி அதிகம் இழுபடாததாக இருக்கவேண்டும். பின்னால் மேலிருந்து கீழாக இரண்டு கொக்கி போதாது, மூன்று வேண்டும். தோள்நாடாவும் அகலமாக வேண்டும். துணியும் கூடுதலாகப் போகும், தைக்கும் நேரமும் கூடும். அதனால் விலை சற்றுக் கூடுவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அத்தனை வேலையோடு தைத்த அந்த அளவை ஒரு படத்தில்கூடக் காட்டாமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முடிந்த பிராக்களில் படம் போட்ட அட்டைகளைக் கட்டுவதும் எங்கள் வேலைதான். கொக்கி தைக்கும் வரிசையில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் இருந்தார்; அவருடைய தையலில் நான் குறை கண்டு திருப்பியனுப்பியது மிக அரிது. ஒருநாள் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் தைக்கிறதை நானே போடேலாது பிள்ளை. இந்த ஓடரிலை எங்கடை அளவு இல்லை” என்றார். அந்த ஓடரின் மிகப்பெரிய அளவு 38சி.

மானிப்பாய், இங்கிலாந்திலிருந்து திரும்பியவர்

நான் அங்கிருந்த காலத்தில், 2014இல், விக்டோரியாஸ் சீக்ரெட் நிறுவனம் மெலிந்த மொடல் அழகிகளை வரிசையாக நிறுத்திக் குறையே இல்லாத உடம்பு என்ற பொருள்படும் வாசகத்தை அவர்கள் மேல் எழுதி விளம்பரம் செய்தது. லீட்ஸ் நகரத்து மாணவிகள் மூவர் அதை எதிர்த்துத் தொடங்கிய மனுவில் 30,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். நிறுவனம் வாசகத்தை மாற்றி, எல்லா உடம்புக்கும் உரியது என்பதுபோல எழுதியது. படத்திலிருந்த பெண்களை மாற்றவில்லை. அதே ஆண்டில் ஏரீ என்ற இன்னோர் அமெரிக்க உள்ளாடை நிறுவனம், மொடல்களின் படங்களைக் கணினியில் திருத்தமாட்டோம் என்று அறிவித்து, வயிற்று மடிப்பும் தழும்பும் தெரியும் படங்களை வெளியிட்டது.

விக்டோரியாஸ் சீக்ரெட்டின் நாகரிக அணிவகுப்பு 1995இல் தொடங்கி 2018 வரை நடந்தது. பெருத்த உடம்புப் பெண்களை வைத்து நிகழ்ச்சி செய்தால் பார்க்க எவருக்கும் ஆர்வமில்லை என்று 2018இல் அதன் தலைமை விளம்பர அதிகாரி பேட்டியில் சொன்னார். அடுத்த ஆண்டு அவரும் விலகினார், அணிவகுப்பும் கைவிடப்பட்டது. 2024இல் அது மீண்டும் தொடங்கியபோது ஆஷ்லி கிரகாம் போன்ற நிறைந்த உடம்புப் பெண்களும் அதில் நடந்தார்கள். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆயினும் விற்பனை சரிந்த பின்னரே வந்த மனமாற்றம் என்பதால் அது எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பிரான்சில் செய்ததுபோலச் சட்டம் போடுவதில்தான் எனக்கு நம்பிக்கை: 2017 ஒக்டோபர் முதல் அங்கே மொடலின் உடலமைப்பை மெலிவாகவோ பருமனாகவோ கணினியில் திருத்திய விளம்பரப் படத்தில், அது திருத்திய படம் என்று எழுதியே ஆகவேண்டும்.

அங்கே ஒரு கடையில் அளவெடுத்த நடுவயதுப் பெண், நாடாவைச் சுற்றிப் பிடித்து எண்ணைச் சொல்லிவிட்டு, அந்த எண்ணுக்குரிய ஐந்தாறு பிராக்களைக் கொண்டுவந்து தந்தார். என் உடம்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. மானிப்பாய்க்கு வந்த பிறகு என் மச்சாளுக்கு அதே முறையில் அளவெடுத்துக் கொடுத்தேன். சரியான அளவில் ஒன்று கொழும்பிலிருந்து வந்து சேர்ந்ததும், அவர் கண்ணாடி முன்னால் நின்று முதலில் கேட்டது, “படத்திலை இருக்கிறவளுக்கு நிக்கிற மாதிரி எனக்கு நிக்குதோ?” என்பதுதான். முதுகில் பட்டி ஏறாமல் நேராக நின்றதை நான்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

சுன்னாகம், பெயர் வேண்டாம்

மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு பக்கத்தை முழுமையாக எடுத்த பிறகு, தெல்லிப்பழையில் தொடர்ந்து சிகிச்சை பெற்றவள் நான். எங்களைப் போன்றவர்கள் அந்தப் படங்களில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கடையில் போய் என்னவென்று கேட்பது? ஒரு முறை துணிந்து கேட்டபோது அந்தப் பெண் பதறிப்போய், “அப்பிடி ஒண்டு வாறதில்லை அக்கா” என்று சொல்லிவிட்டு வேறொருவரைக் கவனிக்கப் போய்விட்டார். வெளிநாடுகளில், எடுத்த பக்கத்துக்கு ஈடாக ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ள உட்பக்கத்தில் பை வைத்துத் தைத்த பிராக்கள் விற்கப்படுகின்றன என்பதைக் கனடாவிலுள்ள என் தங்கை சொல்லித்தான் அறிந்தேன்.

இதே நிலையில் இருக்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன். சாதாரணப் பருத்திப் பிராவின் உட்பக்கத்தில், பழைய பருத்திச் சேலைத் துணியில் மேற்புறம் திறந்த பையொன்றைப் பிடித்துத் தைத்தால் போதும். வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருப்பவர் எவரும் செய்து தருவார். வெறும் பஞ்சை வைத்தால் பாரமில்லாமல் அந்தப் பக்கம் மேலே ஏறிவிடும். பஞ்சுக்கு நடுவே கடுகு நிரப்பிய சிறிய பொட்டலம் ஒன்றை வைத்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். துவைக்க முன்னர் அதை வெளியே எடுத்துவிடுங்கள். காயம் முழுவதும் ஆறும்வரை பொறுத்து, கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாரம் வையுங்கள். கம்பி போட்ட பிரா வேண்டவே வேண்டாம்.