எழுத்துக் குழு: 'அருமை சார்' தொல்லைக்கு வழி சொல்லுங்களேன்

வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை நான். வேறு வேறு துறைகளிலிருந்து ஆறு பேர் சனிக்கிழமை காலையில் கூடி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறோம். 25 நிமிடம் பேசாமல் எழுத்து, 5 நிமிடம் ஓய்வு. அதுவரை நன்றாகவே போகிறது (வடையும் ஒரு காரணம்).

சிக்கல் அப்புறம், ஒருவர் வரைவை மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்லும்போதுதான். மூத்தவர் வரைவென்றால் எல்லாரும் 'அருமை சார்' என்று முடித்துவிடுகிறார்கள். இளையவர் வரைவென்றால் காற்புள்ளியைக்கூட விடுவதில்லை. போன வாரம் ஒருவர் வரவே இல்லை. பெயரை மறைத்துச் சுற்றுக்கு விடலாமா? ஆறே பேரில் நடை காட்டிக்கொடுத்துவிடுமே!

தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிய 'கேர்' பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025இல் கைவிட்டதிலிருந்து, எந்த இதழுக்கு அனுப்புவது என்ற பேச்சிலும் நேரம் போகிறது. இப்படிக் குழு நடத்தியவர்கள், முக்கியமாகக் காமராசர் பல்கலைக்கழகப் பக்கம் இருப்பவர்கள், எப்படிச் சமாளித்தீர்கள்? ஒரு சனிக்கிழமை நேரில் வந்து சொன்னாலும் சரி.