தீக்கப்பலா, எரிகலமா, கொள்ளிக் கப்பலா? கிரேக்க விடுதலைப் போர்ப் பதிவுக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

கிரேக்க விடுதலைப் போரின் (1821–1829) கடற்சண்டைகளைத் தமிழில் எழுதும்போது ஒரு பொருளுக்குச் சரியான பெயரில்லாமல் திண்டாட வேண்டியிருக்கிறது. பழைய கப்பலில் எரியும் சரக்கை நிரப்பி, காற்றோடு ஓட்டிப் போய், எதிரிக் கப்பலோடு கோத்துவிட்டுக் கொளுத்துவது. ஆட்கள் படகேறித் தப்பிவிடுவது. கிரேக்க மாலுமிகள் இதைப் 'புர்லோட்டோ' என்றார்கள். ஏட்டு வழக்கில் 'பிர்பொலிகோ'. தமிழில் 'தீக்கப்பல்', 'நெருப்புக் கப்பல்' என்று எழுதலாம். 'தற்கொலைக் கப்பல்' என்பது அடியோடு தவறு. தப்பும் படகு இல்லாமல் இந்தக் கருவியே இல்லை.

சொல் பொருளோடு பொருந்த வேண்டும் என்பதால் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரா, ஸ்பெட்சஸ், ப்சாரா தீவுகளிடம் இருந்தவை பீரங்கி ஏற்றிய சரக்குக் கப்பல்கள். எதிரியான ஒட்டோமான் (துருக்கிய) கடற்படையிலோ 70, 80 பீரங்கிகள் தாங்கிய ஈரடுக்குப் போர்க்கப்பல்கள். பக்கத்தோடு பக்கம் நின்று சுட்டால் தீவுக்காரர்கள் சில நிமிடம்கூடத் தாங்க முடியாது. ஆகவே ஓட்டை உடைசலான இருபாய்மரக் கப்பல் ஒன்றை விலைக்கு வாங்கி இப்படி மாற்றுவார்கள்:

உள்ளே அமரத்திலிருந்து (பின்புறம்) அணியம் (முன்புறம்) வரை மரத்தொட்டிகளை வாய்க்கால் போல இணைத்து, அவற்றில் வெடிமருந்து கலந்த எரிபொருளைக் கொட்டுவார்கள். கீலில் (தாரில்) தோய்த்த சுள்ளி, குங்கிலியம், கந்தகம் ஆகியவை சுற்றிலும் நிரம்பியிருக்கும். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்கு நேர் கீழே மேல்தளத்தில் துளை வெட்டி, அடியில் எரிபொருள் பீப்பாய் வைப்பார்கள். தீ அந்தத் துளை வழியாக நேரே கயிற்றிலும் பாயிலும் ஏறும். பருமல்களின் (பாய் கட்டும் குறுக்குமரங்களின்) நுனியிலும் முன்னால் நீண்ட சாய்மரத்திலும் இரும்புக் கொக்கிகள் தொங்கும். (கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.) பின்னால் ஒரு தாழ்வான துடுப்புப் படகைக் கட்டி இழுத்து வருவார்கள். ஆட்கள் ஏறக்குறைய இருபது பேர். கடைசியாக இறங்குபவர் மீகாமன். வாய்க்காலின் பின் முனையில் தீ வைப்பது அவர் வேலை.

என் முன்மொழிவு: தீக்கப்பல்.

*

> என் முன்மொழிவு: தீக்கப்பல்.

ஐயா, மூன்று இடங்களில் இது முட்டும்.

ஒன்று, தீயணைப்புப் படகு. துறைமுகச் செய்தி படித்துப் பழகியவர்கள் 'தீக்கப்பல் விரைந்தது' என்றால் அணைக்கப் போகிறது என்றே எண்ணுவார்கள்.

இரண்டு, இதே போரில் ஒரு நீராவிப் போர்க்கப்பலும் வருகிறது. ஃபிராங்க் ஆப்னி ஹேஸ்டிங்ஸ் நடத்திய கார்த்தேரியா. கொதிகலன் அடுப்பிலேயே குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, 1827 செப்டம்பரில் இத்தேயா விரிகுடாவில் ஒட்டோமான் கப்பல்களை எரித்தது. நீராவிக் கப்பலுக்குப் 'புகைக்கப்பல்' என்ற பழைய பெயர் இன்னும் மறையவில்லை. ஒரே பக்கத்தில் புகைக்கப்பலும் தீக்கப்பலும் இருந்து, இரண்டும் எரிக்கவும் செய்தால் படிப்பவர் பாடு?

மூன்றாவதுதான் மோசமானது: கிரேக்கத் தீ. ஏழாம் நூற்றாண்டு முதல் பைசாந்தியக் கப்பல்கள் குழாய் வழியாகப் பீய்ச்சிய எரிநீர்மம் அது. அந்தக் கப்பல் தீயை உமிழும், தான் எரியாது. 'கிரேக்கர்களின் தீக்கப்பல்' என்று எழுதினால் 1822இல் இந்தக் கப்பலை ஓட்டிய கிரேக்க மாலுமி கனாரிஸ் குழாய் பிடித்துக்கொண்டு நிற்பதாகத்தான் வாசகர் நினைப்பார்.

வேறுபாடு தானே எரிவதில் இருக்கிறது. எனவே 'எரிகலம்'. வினைத்தொகை, எரிந்த, எரிகின்ற, எரியும் கலம். க் மிகாது, சுருக்கமான சொல்.

*

> எனவே 'எரிகலம்'.

சுருக்கம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலங்கையிலிருந்து பார்த்தால் இது வேறு மாதிரித் தெரிகிறது. எங்கள் பாடநூல்களில் கலம் என்றால் உயிரியலில் வரும் கலம். மின்கலம், எரிபொருள் கலம் ஆகியவையும் உண்டு. எரிகலம் என்று தலைப்பைக் கண்டால் பாதிப் பேர் எரிபொருள் கலத்தைத் தேடி வந்தவர்களாக இருப்பார்கள். அதைத் தவிர்க்கச் 'சுடுகலம்' என்று போனால் அது துப்பாக்கியைக் குறிக்கும் சுடுகலனோடு மோதும்.

எரி, எறி இரண்டையும் பேச்சில் பிரித்துச் சொல்பவர்களும் குறைவு. எறிகணை என்ற சொல் பரவலாக உள்ள இடத்தில் 'எரிகலம்' காதில் விழுந்தால் குண்டெறியும் கலம் என்றே போகும்.

நான் முன்வைப்பது: கொள்ளிக் கப்பல்.

கொள்ளி என்பது வெறும் தீயன்று. தான் எரிந்துகொண்டே இன்னொன்றைப் பற்றவைக்கும் கட்டை. இந்தக் கருவியின் இலக்கணமே அதுதான். ஜெர்மானியரும் டச்சுக்காரரும் 'பிராண்டர்' என்றார்கள், ருஷ்யரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கருடைய புர்லோட்டோவும் பிரெஞ்சு 'புருலோ' வழியில் வந்த 'எரிப்பான்' என்ற சொல்தான். எல்லாரும் பண்டிதரைக் கேட்காமல் அடுப்படிச் சொல்லிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

*

> கொள்ளிக் கப்பல்

கொள்ளி என்றதும் நம்மில் பலருக்குச் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். கொள்ளி வைப்பது, கொள்ளி போடப் பிள்ளை... விடுதலைப் போர்ப் பதிவில் இந்த வாடை வேண்டுமா?

இன்னொரு கேள்வி, இதை விடப் பெரியது. எரிவதுதான் இலக்கணம் என்றால் 1588ஐ என்ன செய்வது? ஆகஸ்ட் 7 இரவு கலே துறைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஸ்பானிய அர்மடா (படையெடுத்து வந்த பெருங்கடற்படை) மீது ஆங்கிலேயர் எட்டுக் கப்பல்களைக் கொளுத்தி விட்டார்கள். ஸ்பானியக் கப்பல் ஒன்றுகூட எரியவில்லை. ஆனால் மீகாமன்கள் நங்கூரக் கயிறுகளை வெட்டிவிட்டுச் சிதறினார்கள். மறுநாள் கிராவ்லின் சண்டையில் அணிவகுப்பு இல்லை, பிறகு அயர்லாந்துக் கரையில் புயலடித்தபோது பலவற்றுக்குப் போதிய நங்கூரமும் இல்லை. அவ்வளவு பயம் ஏன்? மூன்று ஆண்டுகளுக்கு முன், 1585 ஏப்ரலில், டச்சு விடுதலைப் போரில் ஆன்ட்வெர்ப்பை முற்றுகையிட்டிருந்த ஸ்பானியத் தளபதி பார்மா கோமகனின் மிதவைப் பாலத்தை ஜாம்பெல்லி என்ற இத்தாலியப் பொறியாளரின் கப்பல் தகர்த்திருந்தது. அந்த ஜாம்பெல்லி இப்போது இங்கிலாந்தில் இருப்பது ஸ்பானியருக்குத் தெரியும். ஆன்ட்வெர்ப்பில் போனது எரிக்கும் கப்பலன்று. கல்லறை போலக் கட்டிய அறைக்குள் வெடிமருந்தை அடைத்து, கடிகாரப் பொறியால் வெடிக்கச் செய்தது. அதுவும் கொள்ளியா?

*

> அதுவும் கொள்ளியா?

இல்லை. அது வெடிக்கப்பல், தனிப் பதிவாக வைக்க வேண்டும். வெளியே எரிவது போலக் காட்டி உள்ளே வெடிப்பதே அதன் சூது. கலேயில் போனவை கொள்ளிக் கப்பல்களே. பற்றவைக்க அனுப்பினார்கள், பற்றவில்லை. குறி தப்பினாலும் அம்பு அம்புதான். ஆகவே வரையறையில் 'எரித்த' என்று போடாமல் 'எரிப்பதற்காக' என்று போட்டால் போதும்.

சுடுகாட்டு வாடை பற்றி: 1822 ஜூன் இரவில் கியோஸ் துறையில் நடந்ததைப் படித்தால் அந்த வாடை தவறென்று தோன்றாது. ஏப்ரலில் கியோஸ் மக்கள் படுகொலை செய்யப்பட்ட பின், ரமலான் நோன்பு முடிந்த கொண்டாட்டத்தில் விளக்கேற்றி நின்ற ஒட்டோமான் தளபதிக் கப்பலில் கனாரிஸ் தன் கப்பலைக் கோத்தார். சாய்மரம் பீரங்கிச் சாளரத்துக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. காற்று தீயை உள்ளே தள்ளியது. மாண்டவர்கள் ஏறத்தாழ 2,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் எண். கடற்படைத் தலைவர் காரா அலி பாஷா படகில் ஏறித் தப்பும்போது எரிந்து விழுந்த மரம் தாக்கி இறந்தார்.

அதே இரவில் பிப்பினோஸ் கொண்டுபோன இரண்டாவது கப்பல் இன்னொரு போர்க்கப்பலில் ஒட்டியது; ஆனால் விலக்கிவிட்டார்கள், தனியாக மிதந்து எரிந்தது. நுட்பம் அங்கேதான் இருக்கிறது. தீயைவிடக் கொக்கிக்கு வேலை அதிகம். சரியாகக் கோக்காவிட்டால் கழியால் தள்ளியே தப்பிவிடலாம். முன்கூட்டிக் கொளுத்தினால் பாய் எரிந்து கப்பல் வழியிலேயே நின்றுவிடும்; தாமதித்தால் ஆட்கள் மாட்டுவார்கள். நங்கூரமிட்டு நிற்கும் கப்பலே ஏற்ற இரை. பாய் விரித்து ஓடும் கப்பல் திசை மாற்றி விலகிவிடும். அதனால் வெட்டவெளிக் கடலில் வீணானவையே அதிகம். காற்றும் வேண்டும், முதுகுப்புறமிருந்து வேண்டும். 1825இல் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து எகிப்தியக் கடற்படையைக் கொளுத்தக் கனாரிஸ் முயன்றபோது காற்று ஒத்துழைக்கவில்லை. கப்பல் வீணாக எரிந்தது. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறியும் ஆபத்து எப்போதும் உண்டு.

பீரங்கிச் சாளரக் கதவு பற்றி ஒரு குறிப்பு, படம் வரைபவர்களுக்காக. சாதாரணப் போர்க்கப்பலில் கீல் மேலே இருக்கும், கதவு மேல்நோக்கித் திறக்கும். கயிறு எரிந்தால் தானே விழுந்து மூடிக்கொள்ளும், தீக்குக் காற்று கிடைக்காது. இதற்கென்றே கட்டிய கப்பலில் கீல் அடியில். கயிறு அறுந்ததும் கதவு வெளிப்பக்கமாகத் தொங்கிவிடும். (இந்தக் கீல் கதவுக் கீல், மேலே சொன்ன கீல் தார். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் 'தார்' என்றே எழுதுங்கள்.)

*

கொள்ளிக் கப்பலுக்கு என் ஒப்புதல். எரிகலத்தைத் திரும்பப் பெறுகிறேன், சற்று மனவருத்தத்தோடுதான்.

துணைச்சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம். 'பிர்பொலிட்டிஸ்', அதாவது அந்தக் கப்பலை நடத்துபவர், 'கொள்ளி மீகாமன்'. இழுத்து வரும் படகுக்கு யாரோ 'தப்புப் படகு' என்று எழுதியிருந்தார்கள். தவறான படகு என்றாகிவிடும். மீட்புப் படகு என்றால் வேறு பொருள். 'மீள்படகு' சரி. வெடிமருந்து வாய்க்காலுக்குப் பட்டாசுத் தொழிலில் உள்ள 'திரி'யைக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். திரி நூல், இது தொட்டி. 'மருந்து வாய்க்கால்' என்றே இருக்கட்டும்.

> கி.மு. 413 சிரக்கூசா (சிசிலித் தீவின் நகரம்) சண்டையையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஒரு வேறுபாட்டோடு. சிரக்கூசர்கள் பழைய சரக்குக் கப்பலில் சுள்ளியும் பைன் விறகும் நிரப்பிக் காற்றில் விட்டார்கள். கொக்கி இல்லை, ஓட்டிச் சென்று கோப்பவர் இல்லை. ஏதென்ஸ்காரர்கள் அணைத்துவிட்டார்கள். 'ஆளில்லாக் கொள்ளி' என்று அடைமொழி கொடுத்தால் போதும்.

நவரினோ கடற்சண்டையையும் விடாதீர்கள். 1827 அக்டோபர் 20 அன்று ஒட்டோமான்–எகிப்தியத் தரப்பிலும் கொள்ளிக் கப்பல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை விலகச் சொல்ல ஆங்கிலேயரின் டார்ட்மவுத் கப்பலிலிருந்து போன படகின்மீது சுட்டதில்தான் சண்டை மூண்டது. கிரேக்கருக்கே உரிய கருவி என்ற எண்ணம் பதிவில் வரக் கூடாது. கிரேக்கர் பிறப்பதற்கு முன்பே, 1770இல் செஸ்மே விரிகுடாவில் ருஷ்யர் இதே கருவியால் ஒட்டோமான் கடற்படையை எரித்திருக்கிறார்கள்.

*

> கிரேக்கர் பிறப்பதற்கு முன்பே

கிரேக்க அரசு பிறப்பதற்கு முன்பே என்று திருத்திக்கொள்ளுங்கள் ஐயா, சிரக்கூசா சண்டையையும் மேலே வைத்துக்கொண்டு இப்படி எழுதினால் நன்றாக இருக்காது.

நாட்களில் ஒரு சிக்கல். கியோஸ் நிகழ்ச்சி கிரேக்க ஏடுகளில் ஜூன் 6 இரவு. மேற்கத்திய ஏடுகளில் ஜூன் 18. இரண்டும் ஒன்றே. அன்று ஜூலியன் நாட்காட்டி 12 நாள் பின்தங்கியிருந்தது. அதேபோல 1821இல் எரெசோஸ் துறையில் பாப்பானிக்கோலிஸ் ஒட்டோமான் போர்க்கப்பலை எரித்த நாள் மே 27 என்றும் ஜூன் 8 என்றும் கிடக்கிறது. பதிவு முழுக்கப் புதிய நாட்காட்டியையே வைத்து, பழையதை அடைப்பில் கொடுத்திருக்கிறேன். தலைச்சொல் 'கொள்ளிக் கப்பல்'. வரைபடத்தில் இடம் போதாத இடங்களில் வெறும் 'கொள்ளி'.