மச்சாள் மொழிபெயர்த்தால் நான் எதைச் சொல்ல?

மூன்றாம்மாடி:
வெள்ளவத்தையில் இருக்கிறேன். 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்தபோது எனக்கு 17 வயது. அதெல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாசியில் இவர் கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். என்மேல் படவில்லை. ஆனால் நான் மேசைக்குக் கீழே போய்க் குந்தியிருந்தேனாம், மகள் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து நித்திரை இல்லை.

ஒரு கிளினிக்கிற்குப் போனோம். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மச்சாள்தான் மொழிபெயர்த்தா (இவருடைய அக்கா!). நான் கோப்பைக் கதையைச் சொன்னேன். அவ சிங்களத்தில் சொன்னதில் எனக்கு விளங்கிய ஒரே சொல் ‘மஹன்சி’. களைப்பாம். இரண்டு கிழமைக்கு நித்திரைக் குளிசை தந்து அனுப்பினார்கள். திரும்பப் போகத்தான் வேணும், ஆனால் மச்சாளோடு இல்லை. எங்கே போகலாம்?

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, குளிசையை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் உதவியது. ஆனால் நான் போன இடத்தில் கவுன்சிலிங் செய்கிற பிள்ளை முதலில் கேட்டது, “எந்தக் கதிரையில் இருக்க விருப்பம்?” என்று. கதவு தெரிகிற கதிரையை எடுத்தேன். 83 கலவரம் பற்றி மூன்றாம் முறைதான் வாய் திறந்தேன், அதுவும் நானாக. முதல் நாளே எல்லாம் கொட்ட வேண்டியதில்லை. “இன்றைக்கு இவ்வளவும் போதும்” என்று சொல்லிப் பாருங்கோ. முகம் சுளித்தால் ஆளை மாற்றுங்கோ.

குடும்பஸ்தன்:
கணவரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லதுதானே?

வார்ட் தாதி:
முதலில் தனியாகப் போகட்டும் அண்ணா.

சகோதரி, அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ‘மித்துரு பியச’ இருக்கிறது, தமிழில் நட்பு நிலையம். 2007இல் மாத்தறையில் தொடங்கியது, வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கானது. காசு இல்லை. அடி விழுந்தால்தான் வன்முறை என்றும் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனதை வதைப்பதும் சேர்த்தி. தமிழ் கதைக்கிற ஆள் எந்த நாளில் இருப்பார் என்று முன்னமே கேளுங்கள். போன் என்றால் மனநலத்துக்கு 1926, பெண்களுக்கு 1938.

மச்சாள் கூடவே வந்தால், அவவை வெளியில் இருக்கச் சொல்லும்படி தாதியிடம் காதோடு சொல்லுங்கள். திட்டு எங்களுக்கு விழட்டும், பழக்கம்தான்.

மூன்றாம்மாடி:
நேற்று 1938க்கு எடுத்தேன், மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடுகிற சாட்டில். தமிழ்ப் பிள்ளை ஒன்றுதான் கதைத்தா. கோப்பைக் கதையை நானே சொன்னேன்.