வான்கோழியை அழைக்கும்போது துப்பாக்கியை ஆடாமல் வைத்திருப்பது எப்படி?

தக்கலைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நான் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறேன்; இப்போது விடுமுறையில் தக்கலைக்கு அருகே எங்கள் வீட்டில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர், வரும் மே மாதம் தம் குடும்பத்துக்குச் சொந்தமான காட்டில் காட்டு வான்கோழி வேட்டைக்கு வருமாறு அழைத்திருக்கிறார். என்னைப் போல வேலை விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல் அங்கே துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பதால், பயிற்சி வகுப்பை முடித்து உரிமத்தை எடுத்த பிறகுதான் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகினேன்.

அந்த மாநிலத்தில் வசந்தகால வேட்டையில் பறவையைப் பின்தொடர்ந்து செல்வதற்கு அனுமதி இல்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து, பெட்டையைப் போல ஒலி எழுப்பி, சேவலை நம்மிடம் வரவழைக்க வேண்டும். என் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நண்பர் கொடுத்த மரப்பெட்டி அழைப்பானை இயக்க இரண்டு கைகளும் வேண்டும். துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டு அழைத்தால், சேவல் வந்த பிறகு அதைத் தூக்க வேண்டியிருக்கும். அந்த அசைவைக் கண்டால் அது ஓடிவிடும் என்கிறார்கள். தோளில் ஏற்றியே வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்குகிறது.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. அம்மாவின் உலக்கையைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது மூன்றேகால் கிலோ இருந்தது. நண்பரின் ஷாட்கன்னும் (ஒரே வெடியில் பல சிறு ரவைகளை வீசும் துப்பாக்கி) ஏறத்தாழ அந்த எடைதான். கடந்த ஒரு வாரமாகக் காலையில் தோட்டத்தில் உலக்கையைத் தோளில் சாய்த்து உட்கார்ந்து பார்க்கிறேன். பெட்டியை உரசியதும் பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் தப்பிய வான்கோழிச் சேவல் உடனே பதில் குரல் கொடுக்கிறது என்பது மட்டும்தான் இதுவரை எனக்குக் கிடைத்த வெற்றி. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

குழித்துறை ஆற்றங்கரை:

தம்பி, நான் ஜார்ஜியாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே பல வசந்தங்களில் வான்கோழிக்காக மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறேன். நீங்கள் முதலில் அழைக்கிறீர்கள், பிறகு துப்பாக்கியைப் பற்றி யோசிக்கிறீர்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். துப்பாக்கி முழங்காலின் மேல் ஏறி, குழல் எந்த வழியாகச் சேவல் வரும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அந்தத் திசையை நோக்கி அமர்ந்த பிறகுதான் முதல் ஒலி எழும்ப வேண்டும்.

உங்கள் தோள்களைவிட அகலமான அடிமரத்தில் முதுகை முழுவதும் சாய்த்து உட்காருங்கள். அது உங்கள் உருவத்தின் விளிம்பை மறைக்கும். பின்னாலிருந்து வேறொரு வேட்டைக்காரர் தவறாகச் சுட்டால் உங்களைக் காப்பதும் அந்த மரம்தான். நீங்கள் வலக்கைக்காரர் என்றால், இடத்தோள் சேவல் வரும் திசையைப் பார்க்கும்படி சற்றுத் திரும்பி உட்கார வேண்டும், ஏனெனில் அப்படி அமர்ந்தவருக்குக் குழலை இடப்பக்கமாக வெகுதூரம் திருப்ப முடியும், வலப்பக்கமாகக் கொஞ்சம்தான் திருப்ப முடியும். இட முழங்காலை உயர்த்தி, துப்பாக்கியின் முன்கட்டையை அதன்மேல் வைத்து, பின்கட்டையைத் தோள்குழிக்குக் கீழே அக்குளோடு அணைத்துக்கொள்ளுங்கள். இப்போது எடையைத் தாங்குவது உங்கள் கால் எலும்பும் மரமும்தான்; கைகள் இரண்டும் பெட்டிக்கு ஓய்வாகிவிடும். சுட வேண்டிய நேரத்தில் பின்கட்டையை ஓரிரு அங்குலம் மேலே நகர்த்திக் கன்னத்தை அதன்மேல் இறக்கினால் போதும்.

மரப்பெட்டி தொலைவில் இருக்கும் பறவைக்கு மிக நல்லது. பறவை பக்கத்தில் வந்துவிட்டால் பெட்டியை இயக்கும் கையசைவே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பழகியவர்கள் வாய்க்குள் அண்ணத்தில் ஒட்டவைத்து ஊதும் டயஃப்ரம் அழைப்பானைக் கற்றுக்கொள்கிறார்கள். குதிரை லாட வடிவச் சட்டத்தில் மெல்லிய ரப்பர் சவ்வு இழுத்துக் கட்டியிருக்கும். தொடக்கத்தில் குமட்டும், இரண்டு வாரம் காரில் போகும்போதெல்லாம் ஊதிப் பார்த்தால் வந்துவிடும். அது வராவிட்டால் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. அதைத் துப்பாக்கியின் முன்கட்டையிலேயே கட்டி, நூலால் ஒரு விரலில் இழுத்து ஒலிக்க முடியும்.

முன்னாள் படைவீரர், தோவாளை:

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை, ஒன்றைத் தவிர. வெறும் கட்டையை வெறும் முழங்கால் எலும்பின்மேல் வைக்காதீர்கள். நான் ஷாட்கன் பிடித்து வேட்டைக்குப் போனவன் அல்லன். ஆனால் உட்கார்ந்த நிலையில் ரைஃபிள் சுடப் பல ஆண்டுகள் பயின்றவன், பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவன். எலும்பின்மேல் எலும்பு நிற்காது, வழுக்கும். முழங்கையின் கூர்முனையை முழங்காலின்மேல் ஊன்றினால் குழல் முனை உருண்டுகொண்டே இருக்கும். முழங்கைக்குச் சற்று மேலே உள்ள தட்டையான சதையை முழங்காலின் உட்புறத்தில் பதித்தால் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். அழைக்கும் நேரத்தில் துப்பாக்கி தானாக முழங்காலில் இருக்கட்டும்; சுடும் நேரத்தில் இடக்கை முன்கட்டைக்கும் முழங்காலுக்கும் நடுவே வந்துவிட வேண்டும். கடினமான பொருளின்மேல் நேரடியாக வைத்த துப்பாக்கி சுடும் நொடியில் துள்ளும்.

மற்றொன்று: குறியைத் தசையால் பிடித்து நிறுத்தாதீர்கள். உட்கார்ந்ததும் கண்ணை மூடி இரண்டு முறை மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். குழல் வேறு எங்கோ பார்த்தால், கையால் இழுத்துத் திருத்தாமல் இருப்பிடத்தோடு உடம்பை நகர்த்தித் திருத்துங்கள். கையால் இழுத்து வைத்த குறி பத்து நிமிடத்தில் உங்களைக் கேட்காமலே பழைய இடத்துக்குப் போய்விடும். விசையின்மேல் விரல் இருக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், மக்களே. ஒரு கையில் பெட்டி இருக்கும்போது மறு கை என்ன செய்கிறது என்பதை மனம் மறந்துவிடும்.

தக்கலைக்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலையில் செய்து பார்த்தேன். ரப்பர் மரங்கள் அனைத்தும் என் தோள் அகலத்துக்குப் போதாதவை. வேலியோரத்து அயினி மரம்தான் பொருந்தியது. ஐயா சொன்னபடி கண்ணை மூடித் திறந்தபோது, கிணற்றடித் தென்னையைப் பார்த்திருந்த உலக்கை முனை மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பை நகர்த்திய பிறகு இருபது நிமிடம் நிலையாக நின்றது. அதற்குமேல் இடக்கால் மரத்துப்போனது, போதாக்குறைக்கு முசுறு கழுத்தில் ஏறியது. முழங்காலை உயர்த்தியே வைத்திருக்க வேறு வழி உண்டா? ரவைகள் விரிந்துதானே போகின்றன, சிறிது ஆட்டம் இருந்தால் என்ன என்றும் ஓர் ஐயம் இருக்கிறது.

தேரூர்க் குளக்கரை:

நான் துப்பாக்கி பிடிப்பவன் அல்லன். நம் ஊரில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் பிடிக்க விரும்புவதும் இல்லை. சுசீந்திரம் தேரூர் குளங்களில் மூன்று கிலோ எடையுள்ள கேமராவோடு மணிக்கணக்கில் உட்காருபவன் என்ற முறையில் மரத்துப்போகும் காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிட்டத்துக்கு அடியில் நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு திண்டு போட்டால் முழங்காலின் மடக்கு தளர்ந்து இரத்த ஓட்டம் நிற்காது. குதிகாலுக்குச் சிறு பள்ளம் தோண்டிக்கொண்டால் கால் சறுக்கிச் சறுக்கி இறங்காது. முழங்காலுக்கும் கருவிக்கும் நடுவே மரத்தூள் நிரப்பிய துணிப்பை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி நிரப்பிய பையைவிட அது எடை குறைவு. முடிந்தால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒற்றைக்கால் தாங்கி ஒன்றை வாங்குங்கள். எடையை அந்தத் தாங்கி எடுத்துக்கொண்டால் கால் சும்மா கிடக்கலாம்.

குழித்துறை ஆற்றங்கரை:

தாங்கியைப் பற்றிச் சொன்னது சரி. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் மேலே கவை உள்ள ஊன்றுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கவைக்குள் துப்பாக்கி இருக்கும்போது சேவல் எதிர்பாராத பக்கமிருந்து வந்தால், கோலையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். என் வாக்கு இன்னமும் முழங்காலுக்கும் துணிப்பைக்கும்தான்.

ரவை விரியும் என்ற எண்ணம்தான் புதியவர்களைக் கெடுக்கிறது. ரவைகள் சிதறாமல் சேர்ந்து போக, வான்கோழிக்கென்று குழல் முனையில் பொருத்தும் சோக் என்ற சிறு குழாய் மிகவும் இறுக்கமானது. 10 கஜ தூரத்தில் ரவைகள் எல்லாம் சேர்ந்து ஒரு கைமுட்டி அளவே இருக்கும். குறி வைப்பதோ உடம்பில் இல்லை, ஆடிக்கொண்டே இருக்கும் தலைக்கும் கழுத்துக்கும். ஆகவே கிட்டத்தில் வந்த சேவலைத்தான் பலர் முழுவதுமாகத் தவறவிடுகிறார்கள். தூரத்தில் வேறு சிக்கல்: சாதாரண ஈய ரவைக்கு 40 கஜம்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோப்பில் தென்னைகள் 25 அடிக்கு ஒன்றாக நடப்பட்டிருந்தால் ஐந்து இடைவெளிகள் அந்த எல்லையைச் சற்றே தாண்டும். அங்கே ஒரு தேங்காயை வைத்து, கண்ணுக்கு அந்தத் தூரத்தைப் பழக்குங்கள். அமெரிக்கா போனதும் ஒரு பெரிய தாளில் சுட்டு, அந்தத் துப்பாக்கியில் ரவைகள் எப்படி விழுகின்றன என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக அசைவு. வான்கோழியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் தனக்குப் பின்னே சிறு பகுதியைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் அது காணும்; நிறமும் நன்றாகத் தெரியும். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்போது, அல்லது தோகையை விரித்து அது முதுகைக் காட்டித் திரும்பும்போது, அந்த விரிந்த வாலே அதன் கண்ணை மறைக்கும். பெட்டியைக் கீழே வைப்பதும் கன்னத்தை இறக்குவதும் அந்த இடைவெளியில்தான். சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும், எனவே அந்த நிறங்களில் கைக்குட்டைகூட உங்களிடம் இருக்கக் கூடாது, இன்னொருவர் உங்களையே சேவல் என்று நினைக்கக்கூடும். வசந்தத்தில் சுட அனுமதி உள்ளது மார்பில் தாடி எனப்படும் மயிர்போன்ற இறகுக் கற்றை தொங்கும் பறவைக்குத்தான். தாடியைக் கண்ணால் பார்த்த பிறகே பாதுகாப்புப் பூட்டை விடுவியுங்கள். பிறகு வாயால் ஒரு சிறு கொக்கரிப்பு. அது நின்று கழுத்தை நீட்டும்.

தக்கலைக்காரன்:

டயஃப்ரமுக்கு இன்றே நண்பரிடம் சொல்லிவிட்டேன். துணிப்பையை அம்மா தைத்துத் தந்துவிட்டார்; உலக்கையைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை.