கிளப் ஒண்டிலயும் இல்லாம அமெரிக்க யூனிக்கு அப்ளை பண்ணலாமா?

வெள்ளவத்தைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருசம் ஏலெவல் (உயர்தரச் சோதனை), மெத்ஸ் ஸ்ட்ரீம். அமெரிக்காவில படிக்க சரியான விருப்பம், ஆனா அப்பாவுக்கு புறக்கோட்டையில சின்னப் புடவைக்கடைதான், பீஸ் கட்ட வழியில்லை. பள்ளிக்கூடம் விட்டா ரியூஷன், மிச்ச நேரம் கடையில கணக்குப் பாப்பன். டிபேட், இன்டராக்ட் ஒண்டிலயும் இல்லை. பிரிஃபெக்ட் (மாணவ தலைவர்) பட்ஜாவது இல்லாட்டி திரும்பியும் பாக்க மாட்டாங்களாம் எண்டு கூடப் படிக்கிற பிள்ளை சொல்லுறா. இப்ப அவசரமா நாலு கிளப்பில சேரட்டா?

பொஸ்டன் அண்ணா:
தங்கச்சி, அதுக்காக மட்டும் சேர வேண்டாம். கொமன் அப் எண்டது கன அமெரிக்க யூனிகளுக்கு ஒரே போமில அப்ளை பண்ணுற தளம், அதில அக்டிவிட்டிக்கு 10 இடம், ஒவ்வொண்டுக்கும் விளக்கம் 150 எழுத்துக்குள்ள. அதில வேலை எண்டும் குடும்பப் பொறுப்பு எண்டும் தனி வகையே இருக்கு, உங்கட கடைக்கணக்கு அதுக்குள்ள வரும். கிழமைக்கு எத்தினை மணித்தியாலம் எண்டும் கேப்பாங்கள், அதால இப்பவே கொப்பியில எழுதி வையுங்கோ. அப்பாவுக்கு உதவி எண்டு பொதுவா போடாதீங்கோ, கடன் கொப்பியை எக்செல்லுக்கு மாத்தினதோ தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு எடுக்கிறதெண்டு கணக்குப் போட்டதோ, உண்மையா செய்ததை அப்பிடியே எழுதுங்கோ.

காசு விசயம்தான் முக்கியம். ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, அம்ஹெர்ஸ்ட் மாதிரி கொஞ்ச இடம்தான் வெளிநாட்டுப் பிள்ளையிட்ட காசு இருக்கா எண்டு பாக்காம எடுத்து, தேவையான முழுக்காசையும் தாறது. மற்ற கன இடங்களில எயிட் (படிக்கக் காசுதவி) கேட்டாலே சான்ஸ் குறையும். ஆனா ஹாவர்ட், எம்ஐடிக்கு 100 பேர் போட்டா அஞ்சு பேர் கூட எடுபடமாட்டினம், அதால ஏலெவல் இசட் ஸ்கோரை விட்டுடாதீங்கோ, அதை வைச்சு எடுக்கிற இங்கத்தைய கம்பஸும் கையில இருக்க வேணும். எம்ஐடிக்கு கொமன் அப் இல்லை, போம் வேற, சாட் (SAT) இல்லாட்டி ஏசிடி (ACT) நுழைவுச் சோதனையும் கட்டாயம்.

ஒரு அம்மா:
மகன் 2025ல ஏலெவல் எடுத்துக்கொண்டே அப்ளை பண்ணினவர். முந்தி அப்ளை பண்ணுற ஏர்லி கெடு நவம்பர் 1, ஏலெவல் சோதனையும் நவம்பர்ல, பிள்ளை நித்திரையில்லாம பட்ட பாடு கண்ணால பாக்கேலாது. கொமன் அப் ஆகஸ்ட் 1 திறக்கும், அந்த 650 சொல்லுக் கட்டுரையை அதுக்கு முதலே எழுதி முடியுங்கோ மகள். எங்களை வருத்தினது ரீச்சர்மார் எழுதிக் குடுக்கிற பரிந்துரைக் கடிதம்தான். ஒரு சேர் நற்சான்றிதழ் மாதிரி ஒழுக்கமான மாணவன் எண்டு மூண்டு வரி எழுதிக் குடுத்தார். அவரில பிழையில்லை, இங்க ஆருக்கும் அப்பிடித்தானே பழக்கம். நீங்க வகுப்பில என்ன கேட்டனீங்க, எதில விழுந்து எழும்பினீங்க எண்டு ஞாபகப்படுத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டு, ரெண்டு மாசம் முதலே கேளுங்கோ. பள்ளிக்கூட ஆலோசகர் நிரப்புற கவுன்சிலர் போமை பிரின்சிபல் நிரப்பலாம். ஏஜென்சிக்குக் காசு கட்ட முதல் கொழும்பு ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில இருக்கிற எடியுகேஷன் யூஎஸ்ஏ (அமெரிக்க அரசின்ர படிப்பு ஆலோசனைச் சேவை) ஆலோசகரிட்ட ஒருக்கா போங்கோ.

வெள்ளவத்தைப் பிள்ளை:
நன்றி அன்ரி, அண்ணா. கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குத்தான் என்னை நல்லாத் தெரியும், ஆனா இங்கிலிஷில எழுதத் தயங்குவா. தமிழில எழுதினா ஏலாதா?

பொஸ்டன் அண்ணா:
ஏலும். மிஸ் தமிழில மனசார எழுதட்டும், இங்கிலிஷ் ரீச்சர் மொழிபெயர்த்து ரெண்டையும் சேத்து அனுப்பட்டும். நீங்களோ வீட்டு ஆக்களோ மட்டும் மொழிபெயர்க்காதீங்கோ.