புள்ளியைத் தின்ற ஃபில்டர்: படத்தில் நாய்ஸ் நீக்கப் போன அனுபவங்கள்

ஸ்கேன்காரர்:

தாத்தா காலத்துப் பிரபந்தப் புத்தகம் ஒன்று பரணில் கிடைத்தது. தாள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிர்கிறது. பொறுமையாக 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தேன். திரையில் பார்த்தால் எழுத்தைச் சுற்றிக் கரித்தூளை இறைத்த மாதிரி ஒரே பொடி. நாய்ஸ் என்கிறார்களே, அந்தத் தேவையில்லாத புள்ளிகள். ஒவ்வொரு பிக்சலுக்கும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் நடு மதிப்பை வைக்கும் மீடியன் ஃபில்டர் போட்டால் போகும் என்று படித்திருந்தேன். ஓபன்சிவி என்ற பட நிரல் தொகுப்பில் ஒரே வரிதான். 3-க்கு 3 பிக்சல் கட்டம் போட்டேன், கொஞ்சம் மிச்சமிருந்தது. 5-க்கு 5 போட்டேன், பக்கம் துடைத்துவிட்டது போல் ஆனது. மொத்தப் புத்தகத்தையும் ஓட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் அப்பாவிடம் காட்டினேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அரைப் பக்கம் வாசித்தார். "ஏண்டா, மெய்யெழுத்தெல்லாம் எங்கே போச்சு?" என்றார். 'கண்' இருந்த இடத்தில் 'கண'. 'பால்' எல்லாம் 'பால'. 'அஃது' என்ற சொல்லில் அகரத்துக்கும் துகரத்துக்கும் நடுவில் வெறும் தாள்!

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 5-க்கு 5 என்றால் 25 பிக்சலை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் பதின்மூன்றாவதை எடுக்கும். அந்தப் புத்தகத்தில் மெய்ப்புள்ளியின் அகலமே 4 பிக்சல்தான். வட்டப் புள்ளி என்பதால் நாலு மூலையும் போக, பரப்பு 12 பிக்சல்தான். மீதி 13 வெள்ளை. ஓட்டெடுப்பில் புள்ளி தோற்றுப் போகிறது. ஃபில்டர் மேல் தப்பில்லை, அதற்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு இப்படி எதுவும் நடந்திருக்கிறதா?

முகூர்த்தக் கேமரா:

அண்ணே, உங்களுக்குப் புள்ளி போச்சு, எனக்குப் பாட்டி முகமே போச்சு. விடிகாலை நாலரை மணி முகூர்த்தம். மண்டபத்தில் பாதி விளக்குதான் எரிந்தது. நாய்ஸ் வரும் என்று பயந்து, கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவான ஐஎஸ்ஓ-வை 800-லேயே வைத்து இருட்டாக எடுத்தேன், அப்புறம் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றினேன். நிழல் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகப் பொரிந்து வந்தது. ஐஎஸ்ஓ-வைக் குறைத்தால் நாய்ஸ் குறைந்துவிடாது, சென்சாருக்குள் போன வெளிச்சம் குறைவென்றால் குறைவுதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பதற்றத்தில் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்தேன். காஞ்சிபுரம் பட்டின் சரிகை மஞ்சள் பெயின்ட் அடித்தது போல் ஆனது. எண்பது வயதுப் பாட்டியின் முகம் மொழுமொழுவென்று கொலு பொம்மை மாதிரி வந்தது. ஆல்பம் பார்த்த பெண்ணின் அம்மா, "எங்கம்மாவோட சுருக்கமெல்லாம் எங்க தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் நிற நாய்ஸை மட்டும் தாராளமாகக் குறைப்பேன். நம் கண் நிறத்தில் உள்ள நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை, அதனால் அங்கே கை வைத்தாலும் தெரியாது. வெளிச்சத்தில் வரும் நாய்ஸைக் கொஞ்சம் விட்டுவைப்பேன். பிரின்ட் போட்டால் அந்த மணல் தெரிவதேயில்லை.

வகுப்பில் தூங்கியவன்:

கல்லூரியில் இப்படிக் கறுப்பும் வெள்ளையுமாகச் சிதறிக் கிடக்கும் நாய்ஸுக்கு 'சால்ட் அண்ட் பெப்பர்' (உப்பும் மிளகும்) என்று பெயர் சொன்னபோது சிரித்தோம். சராசரி எடுக்கும் ஃபில்டரை மிளகைப் பொங்கலோடு சேர்த்து மசிப்பது என்றும், மீடியனை மிளகைப் பொறுக்கி எடுப்பது என்றும் ஞாபகம் வைத்துத்தான் பாஸானேன். சுற்றிலும் பிக்சல் மதிப்பு 51 போலிருக்க நடுவில் ஒரு 255 வந்தால், ஒன்பதின் சராசரி 74-க்கு எகிறும். மீடியன் 51-லேயே நிற்கும். ஆனால் பொங்கலில் முந்திரியும் மிளகு அளவில் கிடந்தால் அதுவும் போய்விடும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இரவு வானம்:

எனக்கு முந்திரி, மிளகு இரண்டுமே வெள்ளை. ஜவ்வாது மலைக்கு அமாவாசை இரவில் போயிருந்தோம், காவலூர் வானாய்வகம் இருக்கும் அதே மலை. பால்வீதியை எடுத்தால் படத்தில் நட்சத்திரமும் புள்ளி, சூடேறிய சென்சாரில் வெளிச்சமில்லாமலே ஒளிரும் ஹாட் பிக்சலும் புள்ளி. மீடியன் போட்டேன், பாதி வானம் காலி.

கூட வந்த அக்கா ஒருவர் சொன்னது இதுதான்: ஒரே படத்தைத் தேய்க்காதே, பல படம் எடு. 16 படம் எடுத்துச் சராசரி போட்டால் நாய்ஸ் நாலில் ஒரு பங்காகும், ஏனென்றால் அது வர்க்கமூலக் கணக்கில்தான் குறைகிறது. (4 படம் எடுத்தால் பாதி. அதற்கு மேல் குறைக்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், பேட்டரி தாங்காது.) லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ-வில், ஷட்டரை அதே அளவு நேரம் திறந்து வைத்து நாலைந்து இருட்டுப் படமும் எடுக்க வேண்டும். ஹாட் பிக்சல் அதில் தனியாக மாட்டிக்கொள்ளும், கழித்துவிடலாம். பிறகு நட்சத்திரங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, ஒரே இடத்தின் 16 மதிப்புகளுக்கு மீடியன் எடுத்தேன். நடுவில் பறந்துபோன விமானத்தின் கோடுகூட மறைந்துவிட்டது. அதே மீடியன்தான், பக்கத்துப் பிக்சல்களைக் கேட்காமல் பக்கத்துப் படங்களைக் கேட்டது, அவ்வளவே.

ஸ்கேன்காரர்:

பல படம் எடுக்கும் வழி எனக்கு ஒத்துவராது. தாளிலேயே இருக்கும் கறை எத்தனை தடவை ஸ்கேன் செய்தாலும் அதே இடத்தில்தான் வரும். 600 டிபிஐ-யில் மறுபடி ஸ்கேன் செய்து, மீடியனை விட்டுவிட்டேன். ஒவ்வொரு கறுப்புத் துணுக்கையும் தனித்தனியாகப் பிரித்து, சிறியதாக இருந்தால் நீக்கு, எழுத்தின் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தால் மட்டும் தொடாதே என்று எழுதினேன். ஆய்த எழுத்துக்குத் தனியாக ஒரு விதி.

நேற்று அப்பா 40 பக்கம் பார்த்து முடித்தார். மெய்யெல்லாம் திரும்பி வந்துவிட்டதாம். ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். 'மரம்' என்பது 'மர்ம்' என்று இருந்தது. மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ரகரத்தின் தலைக்கு நேர் மேலே, ஈ உட்கார்ந்துவிட்டுப் போன கறை.